வெற்றுச் சட்டமும் வெற்று மாடமும்

மதுரையிலிருந்து தென்மேற்காக இராசபாளையம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னதாக வருவது கிருஷ்ணன்கோவில். 1984-இல் இங்குத் தொடங்கப்பெற்ற பொறியியற் கல்லூரி 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் நிறுவனர் கலசலிங்கம் அவர்களை இவ்வட்டாரத்தார் ‘கல்வி வள்ளல்’ என்ற அடைமொழியின்றிக் குறிப்பிடுவதில்லை. அங்கிருந்து சில கல் தொலைவில் திருவில்லிபுத்தூர். திருமலை நாயக்கர் பெயரால் இன்றும் ஓர் அரண்மனை அங்கு நிற்கிறது. அவ்வூரின் பெரியாழ்வார், ஆண்டாள் வரலாற்றைப் பொருளாகக் கொண்டே கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ இயற்றினார். அதனைத் தமிழாக்கிய மு. கு. ஜகந்நாத ராஜா அடுத்த ஊரான இராசபாளையத்துக்காரர். அதே இராசபாளையத்தில், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே கலைக்கென்று எழுதிக் கொடுத்தார்.

ஒரு மணிநேரப் பயணத்துக்குள் அரசர், அரசியலாளர், கல்வி நிறுவனர் என்று மூவகைப் புரவலரைக் கண்டுவிடுகிறோம். புரவலர் என்ற சொல்லை நாம் எத்துணை எளிதாகக் கையாள்கிறோம் என்ற எண்ணம் இச்சாலையில் செல்லும்போதெல்லாம் நமக்கு எழுவதுண்டு. கொடுத்தவரும் புரவலர், கட்டியவரும் புரவலர், வாங்கிச் சேர்த்தவரும் புரவலர். மூன்றும் ஒன்றாகுமா? இவ்வினாவை எழுப்ப நம்மைத் தூண்டியது இச்சாலையின் மறுமுனையாகிய மதுரையிலிருந்து 1912-இல் கப்பலேறிப்போன ஒரு மண்டபம்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்துச் செல்வக் குடும்பமொன்றைச் சேர்ந்த அடலின் பெப்பர் கிப்சன் என்னும் பெண்மணி அவ்வாண்டு மதுரைக்கு வந்தார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அணித்தாயுள்ள மதனகோபால சுவாமி கோயிலைச் சார்ந்த சிற்பத் தூண்களும் போதிகைகளும் அப்போது நிலைபெயர்ந்து குவியலாகக் கிடந்தன. ஏறத்தாழப் பதினாறாம் நூற்றாண்டு வேலைப்பாடு. இராமாயண மாந்தரும் திருமாலின் அவதாரங்களும் ஆளுயரத்தில் செதுக்கப்பட்ட கருங்கற்கள். அவற்றுள் அறுபதுக்கு மேற்பட்டவற்றை அவர் விலை கொடுத்து வாங்கித் தம் ஊருக்கு அனுப்பினார். முதல் உலகப் போரையொட்டிப் பிரான்சில் மருத்துவப் பணிக்குச் சென்ற அவர் திரும்பவில்லை. அவர் நினைவாக 1919-இல் குடும்பத்தார் அக்கற்களை ஃபிலடெல்ஃபியாக் கலைக்கூடத்துக்கு அளித்தனர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து வடமொழிப் பேராசிரியர் நார்மன் பிரவுன் 1940-இல் அதுபற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். இன்றும் அக்கலைக்கூடத்தின் மாடி அறையொன்றில், கூரைக்கும் சுவருக்கும் ஏற்ப நிறுத்தப்பட்ட மண்டபமாக அது காட்சி தருகிறது.

இந்நிகழ்ச்சியில் வில்லர் எவருமில்லை. இதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்வது நேர்மை. திருட்டு நடக்கவில்லை, விற்றோர் இருந்தனர், வாங்கினார். கேட்பாரற்றுக் கிடந்த கல் அவருடைய கண்ணில் கலையாகப் பட்டது. அவர் வாங்கியிராவிடில் அக்கற்கள் படிக்கட்டாகவோ பாலத்துக்கு அடித்தளமாகவோ போயிருக்கக் கூடும் என்று வாதிடுவோர்க்கு உடனடியாக மறுமொழி கூற நம்மிடம் எதுவுமில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மண்டபம் என்பது கல் மட்டுமன்று. நடந்து வருவோர்க்கு நிழலாகவும், விழா நாளில் கூட்டத்துக்கு இடமாகவும், மழைக்கு ஒதுங்குவோர்க்குக் கூரையாகவும் அமைந்ததே மண்டபம். கல் போயிற்று, சிற்பம் பிழைத்தது, மண்டபம் எங்கே போயிற்று?

கிப்சன் தனியொருவர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகைவண்டி, எஃகு, புகையிலை, எண்ணெய் ஆகியவற்றால் கொழித்த அமெரிக்கக் குடும்பங்களின் பெண்கள் பலர் கலைப் புரவலராகத் திகழ்ந்தனர். அவர்தம் வாழ்க்கை வரலாறுகள் ஆங்கிலத்தில் ஒரு தனி இலக்கியத் துறையாகவே வளர்ந்துள்ளன. விருந்துகள், மணமுறிவுகள், வழக்குகள், முத்துமாலைகள், உயில்கள் என்று அந்நூல்கள் விரிகின்றன. இவற்றில் நமக்கு இரு குறைகள் தோன்றுகின்றன. ஒன்று, இவர்களையே போல அள்ளிச் சேர்த்த பியர்பான்ட் மார்கன், சார்ல்ஸ் ஃப்ரீயர் போன்ற ஆடவரைச் ‘சேகரிப்பாளர்’ என்று மதிப்போடு குறிக்கும் உலகம், பெண்களை ‘சமூகச் சீமாட்டி’ என்று ஒதுக்கி, அவர்தம் படுக்கையறை வரையிலும் எட்டிப் பார்க்கிறது. இது நயத்தக்க நாகரிகமன்று. மற்றது, நம் கட்டுரைக்கு நெருக்கமானது. வாங்கியவரின் வாழ்வை நானூறு பக்கம் எழுதுவோர், வாங்கப்பட்ட பொருளின் வாழ்வை நான்கு வரியில் முடித்துவிடுகின்றனர்.

டோரிஸ் டியூக்கின் வரலாற்றில் இக்குறை மிகத் தெளிவாகப் புலனாகிறது. 1912-இல், அடலின் கிப்சன் மதுரைக்கு வந்த அதே ஆண்டில், பிறந்தவர் அவர். புகையிலை வாணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய தந்தை ஜேம்ஸ் டியூக் 1925-இல் மறைந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. உலகின் மிகப் பெருஞ்செல்வச் சிறுமி என்று செய்தித்தாள்கள் அவரை அழைக்கலாயின. 1935-இல் மணமகனோடு உலகப் பயணம் புறப்பட்டவர் இந்தியாவுக்கு வந்தார், காந்தியடிகளையும் சந்தித்தார். ஆக்ராவின் தாஜ்மகாலைக் கண்டு உள்ளம் பறிகொடுத்து, அதே பாணியில் தமக்கொரு படுக்கையறையும் குளியலறையும் வேண்டுமென்று விரும்பினார். தில்லியில் பணியாற்றிய கட்டடக்கலைஞர் பிளாம்ஃபீல்டு வரைபடம் தர, ஆக்ராக் கல்தச்சர்கள் வெண்சலவைக் கல்லில் பூவேலை பதித்தும் பின்னல் சாளரங்கள் குடைந்தும் அனுப்பினர். அவற்றை வைப்பதற்காக எழுந்த மாளிகையே ஹவாய்த் தீவில் ஹொனலூலு நகரின் கடலோரத்தில் உள்ள ‘ஷாங்ரி லா’. மொராக்கோத் தச்சர்கள் மரவிதானம் கடைந்து அனுப்பினர். இஸ்ஃபஹானின் ஓட்டுக் கலைஞர்கள் 1938-இல் சுவரோடுகள் வனைந்து அனுப்பினர்.

இவ்வளவுக்கும் அவரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். உயிரோடிருந்த கைவினைஞருக்கு வேலை கொடுத்தார், கூலி கொடுத்தார். ஐரோப்பிய எந்திரப் பொருள்களின் படையெடுப்பால் நம் நாட்டுத் தொழில்கள் நலிந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு தச்சுப்பட்டறையின் அடுப்பு சில மாதங்கள் எரிந்ததென்றால் அதுவே பெரிது. புரவலர் என்ற சொல் இங்குப் பொருந்தும்.

ஆனால் அதே வீட்டில் மற்றொன்றும் உள்ளது. ஏறத்தாழப் பன்னிரண்டடி உயரமான மிஹ்ராப். ஈரானின் தெஹ்ரானுக்குத் தெற்கே உள்ள வராமீன் என்னும் ஊரில், இமாம்சாதா யஹ்யா எனப்படும் அடக்கத்தலத்தின் தொழுகைச் சுவரில் பதிக்கப்பட்டிருந்தது அது. ஹிஜ்ரி 663 ஷஅபான் மாதத்தில், அதாவது கி.பி. 1265-இல், காஷான் நகரத்துக் கலைஞர் அலீ இப்னு முஹம்மது இப்னு அபீ தாஹிர் அதில் தம் பெயரைப் பொறித்தார். ஓட்டுக்குக் ‘காஷி’ என்ற பெயரையே ஈந்த ஊர் காஷான். சுட்ட ஓட்டின் மீது வெள்ளியும் செம்பும் கலந்த சாந்தால் எழுதி, காற்றுக் குறைந்த சூளையில் மீண்டும் சுட்டால், அவ்வெழுத்து பொன்போல மின்னும். இந்நுட்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பம் அபூ தாஹிருடையது. இவ்வலீயின் மகன் அபுல்காசிம், 1301-இல் அச்செய்முறையை நூலாகவே எழுதிவைத்தார். (அபுல்காசிம் என்ற பெயருடைய மற்றொருவரைப் பின்னர்ச் சந்திக்க இருக்கிறோம்.) இறைமறை வசனங்கள் சூழ, மாடத்துள் மாடமாக அடுக்கி அமைந்த அவ்வோட்டுச் சுவரின் முன்னே ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாக மக்கள் தொழுகைக்கு நின்றனர்.

1881-இல் பிரெஞ்சு நாட்டுப் பயணி ஜேன் தியுலாஃபுவா அதனை அதன் இடத்திலேயே கண்டு எழுதியிருக்கிறார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அது பெயர்க்கப்பட்டுவிட்டது. கெவோர்க்கியன் என்ற கலைப்பொருள் வாணிகரின் கைக்கு வந்து, 1931-இல் இலண்டன் பாரசீகக் கலைக் கண்காட்சியில் உலகோரை வியப்பில் ஆழ்த்தி, 1940-இல் டோரிஸ் டியூக்குக்கு விற்கப்பட்டது. அவ்வடக்கத்தலத்தின் ஏனைய ஓடுகள் இலண்டன், பீட்டர்ஸ்பர்க் முதலான நகரங்களின் கலைக்கூடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

மிஹ்ராப் என்பது அழகுப் பொருளாக இருக்கலாம். ஆயின் அதன் இலக்கணம் அழகன்று, திசை. வராமீனில் நிற்பவனுக்கு மக்கா எங்கே உள்ளது என்று சுட்டுவதற்காகவே அம்மாடம் அங்கே அமைந்தது. ஊரை விட்டுப் பெயர்த்த கணமே அது சுட்டுவதை நிறுத்திவிட்டது. கடலைப் பார்த்து நீச்சல் குளம் கட்டிய மாளிகையில் அது இருப்பதைக் கண்டு சினம் கொள்வோரும் உளர்; நமக்குச் சினத்தை விடத் திகைப்பே மேலிடுகிறது. உடையாத ஓர் ஓடு கூட இவ்வாறு ஊமையாகிவிடக் கூடுமா?

இதனினும் ஆழமானது உடைமைச் சிக்கல். இறைவழியில் அர்ப்பணிக்கப்பட்ட வக்ஃபுப் பொருள் விற்கப்படலாகாது, அன்பளிப்பாக அளிக்கப்படலாகாது, மரபுரிமையாக இறங்கலாகாது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலம் குறித்து உமர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வழி கேட்ட நிகழ்ச்சியிலிருந்து நம் அறிஞர்கள் வகுத்த சட்டம் இது. கொடுத்தவருக்கே திரும்பப் பெறும் உரிமை இல்லாத ஒன்றை, காவல் காத்தவர் எப்படி விற்றார்? வாணிகர் எப்படி வாங்கினார்? 1940-இல் தொகை கொடுத்த டோரிஸ் டியூக் நாலாவது கையோ ஐந்தாவது கையோ. சட்டத்தின் கண்ணில் அவர் குற்றமற்றவராகவே இருக்கலாம். எனினும் தூய கை ஒன்று இறுதியில் வந்து வாங்கியதனால் தொடக்கத்தில் நிகழ்ந்த பெயர்ப்பு தூய்மையாகிவிடாது.

இவ்விடத்தில் டியூக்கின் சார்பாகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1993-இல் அவர் மறைந்தபின், அவருடைய உயிலின்படி இசுலாமியக் கலைக்கென ஓர் அறக்கட்டளை அமைந்து, 2002-இல் அம்மாளிகை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2001 செப்டம்பருக்குப் பின்னர் இசுலாம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளித்த அமெரிக்கரில் சிலரேனும், அவ்வறைகளில் நடந்து நம் முன்னோரின் கைவண்ணத்தைக் கண்டு நின்றிருப்பர். தம் சொத்தைத் தம் பெயருக்குப் பின் பொதுவுக்கு விட்ட செயல் வக்ஃபின் சாயல் உடையது என்பதை மறுப்பதற்கில்லை. வக்ஃபாக இருந்த ஒன்றை விலைக்கு வாங்கி, மீண்டும் வக்ஃபு போன்ற ஒன்றில் வைத்ததை வரலாற்றின் முரண் என்பதா, கழுவாய் என்பதா? அவரவர் முடிவுக்கு விட்டுவிடுகிறோம்.

நம்மவர் ஒருவரையும் இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த முத்துக்குமாரசுவாமியின் மகனாகக் கொழும்பில் 1877-இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, தாம் திரட்டிய இந்தியக் கலைப்பொருள்களோடு 1917-இல் பாஸ்டன் நுண்கலைக் கூடத்துக்குச் சென்றார். டென்மன் ராஸ் என்ற செல்வர் அத்திரட்டை வாங்கிக் கூடத்துக்கு வழங்கினார். முப்பது ஆண்டுகள் அக்கூடத்திலேயே பணிபுரிந்த குமாரசுவாமிதான், கலைப்பொருள்கள் காட்சிக்காகப் படைக்கப்பட்டவையல்ல, பயன்பாட்டுக்காகப் படைக்கப்பட்டவை என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டார். பாஸ்டன் சம்பளத்தில் இருந்துகொண்டு கலைக்கூடங்களைக் குறைகூறினாரே என்று எள்ளுவோர் உண்டு. நம் கருத்தோ வேறு. அப்பொருள்களை நாள்தோறும் கண்ணாடிக்குப் பின்னே கண்டவரால்தான் அவற்றின் தனிமையை உணர முடிந்தது.

அதே பாஸ்டனில்தான் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் 1903-இல் தம் கலைமாளிகையைத் திறந்தார். வெனிசு நகர அரண்மனை பாணியில் அமைந்த அம்மாளிகையின் சிற்றாலயத்தில், பிரான்சின் சுவாசோன் பேராலயத்திலிருந்து வந்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் உள்ளது. கிறித்தவரின் தொழுமிடமும் இவ்வாறு பெயர்ந்துள்ளது என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறோம். பாதிப்பு ஒரு சமயத்தாரோடு நிற்கவில்லை. எதையும் இடம் மாற்றக் கூடாது என்று கார்ட்னர் உயில் எழுதிவைத்தார். 1990 மார்ச் மாதத்தில் காவலர் உடையணிந்து வந்த திருடர்கள் வெர்மீர், ரெம்பிராண்ட் முதலியோரின் பதின்மூன்று படைப்புகளைக் கவர்ந்து சென்றனர். துப்புக் கொடுப்போருக்கு ஒரு கோடி டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. படங்கள் இருந்த இடத்தில் வெற்றுச் சட்டங்கள் இன்றும் தொங்குகின்றன. அவற்றைக் காண்பதற்கென்றே மக்கள் வருகின்றனர். நூல்களும் படங்களும் அவ்வெறுமை பற்றி வெளியாகியுள்ளன.

வராமீனிலும் ஒரு வெறுமை உள்ளது. இமாம்சாதா இன்றும் மக்கள் வந்து வழிபடும் இடமாகவே உள்ளது. மிஹ்ராப் இருந்த சுவரில் அதன் பள்ளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அண்மைக்காலத்தில் சில ஆய்வாளர்கள் அவ்விடத்துக்கும் அவ்வோடுகளுக்கும் உள்ள உறவை மீட்டெடுத்து எழுதத் தொடங்கியிருப்பது ஆறுதல் தருகிறது. ஆயினும் பாஸ்டனின் வெற்றுச் சட்டம் உலகத்தின் துயரமாகவும், வராமீனின் வெற்று மாடம் ஓர் ஊரின் குறையாகவும் மட்டுமே கருதப்படுவது ஏன்? ஒன்றில் திருடப்பட்டவர் செல்வர். மற்றதில் இழந்தவர் பெயரற்றோர். வாழ்க்கை வரலாறுகள் யாருக்காக எழுதப்படுகின்றன என்ற நம் தொடக்க வினாவுக்கு விடை இதில் இருக்கிறது.

நம் மரபில் புரவலரின் வரலாறு வேறு வகையில் எழுதப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த ஷெய்கு அப்துல் காதிறு மரைக்காயர் என்னும் சீதக்காதியிடம் என்ன இருந்தது என்று மக்கள் நினைவில் ஒன்றுமில்லை. எத்தனை கப்பல், எத்தனை முத்து என்று எவரும் கணக்குச் சொல்வதில்லை. என்ன கொடுத்தார் என்பதே கதை. செத்தும் கொடுத்தவர் என்ற பழமொழி அவர் கையிலிருந்து நீங்கிய ஒரு மோதிரத்தைப் பற்றியதே. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடுவதற்கு அவர் துணைநின்றார். நூல் நிறைவதற்குள் மறைந்தார். அப்பணியைத் தொடர்ந்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். நூலுக்குள் போற்றப்படும் கொடையாளர் இவரே. சீதக்காதி நாட்டார் நாவில் நிலைத்தார், அபுல்காசிம் நூலில் நிலைத்தார். சீறாவோ எவர் வீட்டுச் சுவருக்குள்ளும் அடைபடாமல், படித்தவர் படியாதவர் அனைவர்க்கும் ஓதக் கிடைத்தது. கீழக்கரையில் அவர் காலத்ததாகக் கூறப்படும் ஜும்ஆப் பள்ளிவாசலின் கற்றூண்களைக் கண்டவர், ஃபிலடெல்ஃபியா மண்டபத்தின் தூண்களுக்கு அவை தூரத்து உறவு என்பதை உடனே உணர்வர். ஒரே வட்டாரத்துச் சிற்பிகளின் மரபு. அங்கே உருவங்கள்; இங்கே கொடியும் பூவும். அவை பார்க்கப்படுகின்றன, இவற்றின் இடையே ஐவேளையும் அணிவகுத்து நிற்கின்றனர்.

குமாரசாமி ராஜாவும் இவ்வகையினர் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1949 முதல் 1952 வரை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், 1952 தேர்தலில் திருவில்லிபுத்தூரில் தோல்வியுற்றார். 1954-இல் ஒரிசாவின் ஆளுநரானார், 1957-இல் காலமானார். தம் இல்லத்தைக் காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார். டோரிஸ் டியூக் கலைக்காக ஒரு வீட்டைக் கட்டினார். இவர் கலைக்காக வீட்டை விட்டார். இருவருமே காந்தியடிகளைக் கண்டவர்கள் என்பதை நினைக்கையில் புன்முறுவல் தோன்றுகிறது. அமெரிக்கச் சீமாட்டிக்கு எழுதப்பட்ட நூல்களில் பத்தில் ஒரு பங்கேனும் இவருக்கு எழுதப்பட்டிருப்பின் நன்று.

பிறரைக் குறைகூறும் உரிமை நமக்கு எவ்வளவு உண்டு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர், தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலுக்குச் சென்றிருந்தோம். பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, இரு மினாராக்களும் பச்சைக் குவிமாடமும் கொண்ட புதிய பள்ளி எழுந்திருந்தது. ஊர்மக்கள் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணம். அதில் நாம் குறைகாண இடமில்லை. ஹவுளுக்குப் பின்புறம், வேலிக்காத்தான் புதருக்கிடையே, பூவேலை செய்த கற்றூண்கள் ஆறு படுத்துக் கிடந்தன. ஒன்றின் தலைப்பில் வாழைப்பூ முனை. மற்றொன்றில் எழுத்துகள், சுண்ணாம்பு படிந்து மங்கியவை. முன்னோர் ஒருவர் வக்ஃபாக அளித்தவை என்று முதியவர் ஒருவர் கூறினார். பெயர் கேட்டோம், நினைவில்லை என்றார். வேண்டுமானால் எடுத்துச் செல்லுங்கள் என்று அன்போடு மொழிந்தவர் மற்றொருவர். 1912-இல் மதுரையில் கிப்சன் அம்மையாரிடம் கூறியவரும் ஏறத்தாழ இதே தொனியில்தான் கூறியிருப்பார்.

எழுத்துகளைப் படியெடுத்து வர மறுமுறை சென்றபோது இரு தூண்களே கிடந்தன. எழுத்துள்ள தூண் அவற்றுள் இல்லை. மற்ற நான்கும் எங்கே என்று வினவினோம். லாரி ஒன்று வந்ததாக ஒரு சிறுவன் மட்டும் சொன்னான்.